கடிதம் முதலில் யார் கைக்குப் போனது?

எதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று போனில் ஒரே தட்டில் முடிவு பண்ணுகிற தலைமுறை நாங்கள். ஆனால் வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில், லயத்துக் காம்பராவில் இருக்கும் எங்கள் வீடுகளுக்கு ஒரு கடிதம் வந்தால் அதை முதலில் பார்ப்பது நாங்கள் இல்லை. உறையில் பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபாலகம் எல்லாம் இருக்கும். வீட்டு இலக்கமோ தெருப் பெயரோ இருக்காது. கடிதம் தோட்டத்து ஆபிசில் இறங்கும். அங்கிருந்து அந்தப் பக்கம் போகிற யாரோ ஒருவர் கையில் ஏறும். எங்களில் ஒருத்தருக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து நாலாம் நாள் கிடைத்தது.

இதை ஏதோ இன்றைக்கு நடக்கிற கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். வேர் ரொம்பப் பழசு.

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1904இல் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்று திறந்தார்கள். அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்தவர்களிடம் ஒரு சின்னத் தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. தோட்டத்தின் அடையாள எண் அதில் பொறித்திருக்கும். எந்தத் தோட்டத்துக்கு ஆள் போகவேண்டும் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பார்சலில் விலாசம் கட்டுகிற மாதிரிதான். எங்க ஆளுங்களுக்குச் சொந்தமாக ஒரு விலாசம் கிடைப்பதற்கு முந்தி, ஆளே விலாசம் ஒட்டின சரக்காகப் பயணம் போயிருக்கிறார்.

'துண்டு' என்று இன்னொன்றும் இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம். அதை வைத்திருப்பவர் கங்காணி. யாரைப் பற்றி எழுதியிருந்ததோ அவர் கையில் அது இருக்காது. அவருக்கு அதை வாசிக்கவும் தெரியாது. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

தபால் பையும் இதே வழியில்தான் வந்தது. தோட்டத்து ஆள் ஒருவர் தினமும் தபாலகத்துக்கு நடந்துபோய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். பை போய்ச் சேரும் இடம் பங்களா, இல்லையென்றால் ஆபிஸ். இங்கே 1844ஆம் ஆண்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இத்தாலிய நாட்டுப்பற்றாளர் மாட்சினி இலண்டனில் இருந்தபோது அவருடைய கடிதங்களை அரசாங்கம் இரகசியமாகப் பிரித்தது என்று தெரியவந்து, பிரித்தானிய நாடாளுமன்றமே கொந்தளித்தது. அதே நாட்களில், அதே ஆட்சியின் கீழ், இங்கே கோப்பித் தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்தன. தோட்டத்துத் தொழிலாளியின் தபாலைப் பற்றி அங்கே யார் பேசப்போகிறார்கள்?

பார்வையில் படாமல் இருப்பது எப்படி என்று கணக்குப் போட்டவர் கோ. நடேசய்யர். வெளியாட்கள் அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாத காலம் அது. அவர் புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போனார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்று பத்திரிகைகளும் நடத்தினார். ஆபிஸ் பை வழியாகப் பத்திரிகை வந்தால், லயத்தில் யார் என்ன வாசிக்கிறார் என்று ஆபிசுக்குத் தெரிந்துவிடுமே. புடவை மூட்டைக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள். குடும்பங்கள் நீலகிரிக்கும் ஊவாவுக்கும் நடுவே இரண்டாகப் பிளந்தன. அப்புறம் எல்லாமே கடிதம்தான். எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று லயத்தில் இருந்தால், எல்லார் வீட்டுக் கடன், கல்யாணச் சண்டை, கண்ணீர் எல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். வந்த கடிதத்தை இஸ்தோப்பில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கவேண்டும். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான்.

அதனால்தானோ என்னவோ, அந்தக் கடிதங்களில் பாதி 'நலம், நலமறிய ஆவல்' என்றே ஓடும். இரகசியம் எதுவும் தாளில் ஏறாது. "மிச்சத்தை வர்ற ஆள்கிட்ட சொல்லி அனுப்புறேன்" என்று முடித்துவிடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் இவர்கள் என்று நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எதை எழுதக்கூடாது என்பது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அக்கம்பக்கம் கேட்கட்டும் என்றே எழுதின வரி எது, கேட்கக்கூடாத வரி எது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

1987இன் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட வழிவிடவில்லை. அதைத் திருத்த 2018 ஆகிவிட்டது. பாதைக்குப் பெயர் வைத்து வீட்டுக்கு இலக்கம் போடுவதை யார் பொறுப்பெடுப்பது என்ற கேள்வி அத்தனை வருடமும் தொங்கிக்கொண்டே இருந்தது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. வரட்டும், நல்லதுதான். ஆனால் அரசாங்க விண்ணப்பம் ஒன்றைப் போட எங்க அம்மாமார் இன்றும் டவுன் கொமியூனிகேஷன் கடைக்குத்தான் போகிறார்கள். மின்னஞ்சலைத் திறந்து கொடுப்பது கடைத் தம்பி. கடவுச்சொல்லை வைப்பதும் அவர்தான். அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார், கொப்பியிலும் ஒரு பிரதி இருக்கும். முந்தி லயத்துப் பிள்ளை செய்த வேலையை இப்போது அவர் செய்கிறார்.

ஆபிசை நம்பாதவர்கள் கடிதத்துக்கு டவுனில் தெரிந்த கடையின் விலாசத்தைக் கொடுக்கிறார்கள். இதுவும் பழைய வழிதான். கடைக்காரர் நல்ல மனிதர், உறையைப் பிரிக்கமாட்டார். பிரிக்கத் தேவையும் இல்லை. எந்த அடகு நிலையத்திலிருந்து வந்த நோட்டீஸ் என்று உறையின் வெளியிலேயே அச்சடித்திருக்கிறது.