கொரிய மொழியில் மென்பொருள் ஆவணங்கள்: ஆங்கில–கொரிய மொழிபெயர்ப்பின் வரலாறு

மென்பொருளின் திரைச் செய்திகள், கையேடுகள், நிரலாக்க விளக்கங்கள் ஆகியவற்றை ஆங்கிலத்திலிருந்து கொரியத்துக்கும் கொரியத்திலிருந்து ஆங்கிலத்துக்கும் கொண்டுசெல்லும் பணி 1980களில் தென்கொரியாவில் வேர்விட்டது. 1982இல் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தையும் குமி நகர ஆய்வு நிலையம் ஒன்றையும் இணைத்து, கணினி அறிவியலாளர் சோன் கில்நாம் தலைமையிலான குழு நாட்டின் முதல் இணைய வலையமைப்பை இயக்கியது. வலையமைப்பு வந்தாலும் கணினி அறிவு அப்போது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வந்துசேர்ந்தது. அதைத் தாய்மொழியில் தருவதற்கு எழுத்து, இலக்கணம், சொல், பராமரிப்பு என நான்கு தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. முதல் மூன்றுக்கும் பெருமளவு தீர்வுகள் கிடைத்துவிட்டன. நான்காவது ஒவ்வொரு புதிய பதிப்போடும் மீண்டும் முளைக்கிறது.

எழுத்துக் குறியாக்கம்

1443இல் மன்னர் செஜோங் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல், ஒலி எழுத்துகளை அசைக் கட்டங்களாக அடுக்கும் முறை. இன்றைய கொரியத்தில் 19 தொடக்க மெய்கள், 21 உயிர்கள், இறுதி மெய் இல்லாத நிலையையும் சேர்த்து 28 இறுதி நிலைகள் உள்ளன. இவற்றைப் பெருக்கினால் 11,172 அசைகள் கிடைக்கும். அத்தனையையும் கணினியில் எப்படி வைப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உருவாயின. ஒலிக்கூறுகளைத் தனித்தனியே குறித்து இணைக்கலாம் என்றது ‘சோஹாப்’ முறை. முழு அசைகளுக்கு நேரடியாக எண் தரலாம் என்றது ‘வான்சொங்’ முறை.

1987இல் வெளியான கே.எஸ்.சி 5601 என்ற தென்கொரியக் குறியாக்கத் தரம் இரண்டாவது வழியை ஏற்றது. அதில் 2,350 ஹங்குல் அசைகளும் 4,888 சீன எழுத்துகளும் மட்டுமே இடம்பெற்றன. 1990இல் ஒளிபரப்பான ‘த்தோம்பாங்காக்கா’ என்ற தொலைக்காட்சித் தொடரின் முதல் அசை அந்தப் பட்டியலில் இல்லை. நாடே பார்த்த ஒரு தொடரின் பெயரைத் தரக் குறியாக்கத்தில் எழுத முடியாத நிலை அந்தத் தரத்தின் போதாமையை எல்லோருக்கும் காட்டியது. 1989இல் வெளியான ‘ஹங்குல்’ சொற்செயலி சோஹாப் முறையைப் பின்பற்றியதால் எல்லா அசைகளையும் எழுத வழிசெய்தது. அது பரவலாக விரும்பப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1992இல் சோஹாப் முறையும் தரத்தில் சேர்க்கப்பட்டது.

1996இல் வந்த, உலகப் பொதுக் குறியாக்கத் தரமான யூனிகோடு 2.0 இந்தப் பூசலை முடித்துவைத்தது. முந்தைய பதிப்பில் 6,656 அசைகளே இருந்தன. புதிய பதிப்பு அவற்றை நீக்கி, 11,172 அசைகளையும் அகர வரிசையில் புதிய இடத்தில் அமைத்தது. பழைய எண்களில் எழுதப்பட்ட தரவு இதனால் பொருளிழந்தது. எழுத்துகளை இனி ஒருபோதும் இடம்மாற்றுவதில்லை என்ற உறுதியை யூனிகோடு பின்னர் ஏற்றுக்கொண்டது.

பழைய தரங்களின் தடம் நிரலாக்க நூல்களில் இன்றும் தெரிகிறது. 92ஆம் எண்ணில் ஆங்கிலத் தரம் பின்சாய்வுக் கோட்டை வைத்தது. கொரியத் தரம் அங்கே வோன் நாணயக் குறியை வைத்தது. அதனால் சி மொழிப் பாடங்களிலும் விண்டோஸ் கோப்புப் பாதைகளிலும் பின்சாய்வுக் கோடு வர வேண்டிய இடத்தில் வோன் குறி அச்சாகிறது. கொரிய நிரலாளர்கள் இரண்டையும் ஒன்றாகவே வாசிக்கப் பழகிவிட்டார்கள்.

இலக்கணமும் திரைச் செய்திகளும்

தமிழைப் போலவே கொரியமும் வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் ஒட்டுநிலை மொழி. பெயர்ச்சொல்லோடு சேரும் இடைச்சொல், அந்தப் பெயர் எந்த ஒலியில் முடிகிறது என்பதைப் பொறுத்து மாறும். செயப்படுபொருளைக் குறிக்க, மெய்யில் முடியும் சொல்லோடு ‘உல்’ சேரும். உயிரில் முடியும் சொல்லோடு ‘ருல்’ சேரும். எழுவாயில் ‘இ’, ‘கா’ என்ற இணையும், தலைப்புப் பொருளில் ‘உன்’, ‘நுன்’ என்ற இணையும் இப்படியே மாறும்.

மென்பொருளில் இது பெரிய சிக்கலானது. “இன்ன கோப்பை அழிக்கவா?” என்ற செய்தியில் கோப்பின் பெயர் நிரல் ஓடும்போதுதான் வந்து சேர்கிறது. மொழிபெயர்ப்பவருக்கு அந்தப் பெயரின் கடைசி ஒலி முன்கூட்டியே தெரியாது. அதனால் ஒரு வடிவத்தை எழுதி மற்றதை அடைப்புக்குறிக்குள் இடும் வழக்கம் வந்தது. கொரியப் பயனர்கள் பல ஆண்டுகளாக இந்த அரைகுறை வாக்கியங்களையே வாசித்தார்கள்.

தீர்வை யூனிகோடின் அமைப்பே தந்தது. கொரிய அசையின் எண்ணிலிருந்து 44,032ஐக் கழித்து 28ஆல் வகுத்தால், மீதி சுழியாக இருக்கும்போது அந்த அசை உயிரில் முடிகிறது. இல்லையென்றால் மெய்யில் முடிகிறது. இந்தக் கணக்கைக் கொண்டு சரியான இடைச்சொல்லைத் தானே தேரும் நிரல் தொகுப்புகள் எழுதப்பட்டன. எண்களும் ஆங்கில எழுத்துகளும் மட்டும் தனிக் கவனம் கேட்டன. 1 என்பது ‘இல்’ என்றும் 2 என்பது ‘இ’ என்றும் ஒலிப்பதால் இரண்டும் வெவ்வேறு இடைச்சொற்களை ஏற்கும்.

1995இல் வெளியான குனு கெட்டெக்ஸ்ட் கருவி திரைச் செய்திகளை நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் தந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் மொழிபெயர்ப்பில் பங்கேற்க அது வழி திறந்தது. எண்ணிக்கைக்கு ஏற்பப் பெயர்ச்சொல் மாறத் தேவையில்லாத மொழி என்பதால், கொரியத்துக்கு அதில் ஒரே பன்மை விதி போதுமானதாக இருந்தது.

மரியாதை நிலைகளும் முடிவு கேட்டன. உதவிப் பக்கங்கள் ‘ஹம்னிதா’ என்ற முறையான நடையை ஏற்றன. நூல்கள் பலவற்றில் ‘ஹந்தா’ என்ற வெற்று நடை வழங்குகிறது. அண்மைக் காலச் செயலிகள் நெருக்கமான ‘ஹேயோ’ நடைக்கு மாறிவருகின்றன. ஆங்கில ஆவணங்களில் அடிக்கடி வரும் முன்னிலைப் பெயரைக் கொரியத்தில் பெரும்பாலும் விட்டுவிடுவதே நல்ல நடை.

சொற்கள்

1986இல் அரசு வெளியிட்ட அயற்சொல் எழுத்து விதிகளும், தேசியக் கொரிய மொழி நிறுவனமும், தொலைத்தொடர்புத் தொழில்நுட்பச் சங்கத்தின் கலைச்சொல் அகராதியும் எழுத்து முறைக்கு அடித்தளம் தந்தன. இருந்தும் விதியும் வழக்கும் எப்போதும் ஒத்துப்போகவில்லை. கோப்பு அடைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை விதி ‘திரெக்தொரி’ என்று எழுதச் சொல்கிறது. நிரலாளர் பலர் ‘திரெக்தோரி’ என்றே எழுதுகிறார்கள். எழுத்துருவுக்கான ‘குல்க்கோல்’ என்ற தூய கொரியச் சொல் இயங்குதளங்களில் நிலைபெற்றது. கணினிக்கு முன்மொழியப்பட்ட ‘செம்துல்’ பொதுவழக்கில் ஏறவில்லை.

1990களின் நடுப்பகுதியில் வட, தென்கொரிய அறிஞர்கள் சீனாவின் யன்ஜி நகரில் கூடிக் கணினிச் சொற்கள், விசைப்பலகை, எழுத்து வரிசை பற்றி விவாதித்தனர். 1997இல் வடகொரியா வெளியிட்ட குறியாக்கத் தரத்தில் எழுத்து வரிசை தென்கொரியத் தரத்திலிருந்து வேறுபடுகிறது.

தன்னார்வக் குழுக்கள்

1996இல் குவோன் சுன்சொன் தொடங்கிய கொரிய லினக்ஸ் ஆவணத் திட்டம் இத்துறையின் திருப்புமுனை. லினக்ஸ் நிறுவல், வலையமைப்பு, வன்பொருள் பற்றிய செய்முறை விளக்கங்களைத் தன்னார்வலர்கள் கொரியத்தில் தந்தார்கள். அப்பாச்சி இணைய வழங்கியின் கையேடும் கொரியத்தில் வந்தது. மூலம் வளர்ந்தபோது மொழிபெயர்ப்பு அதே வேகத்தில் வளரவில்லை. அதன் பக்கங்கள் பலவற்றின் தலையில், இது அண்மைப் பதிப்பு அல்ல, புதிய மாற்றங்களுக்கு ஆங்கில மூலத்தைப் பாருங்கள் என்ற அறிவிப்பு இருக்கிறது. பழைய கட்டளையைக் கற்பிக்கும் பக்கம் வாசகரைத் தவறான வழியில் அனுப்பும் என்பதால் இந்த வெளிப்படையான அறிவிப்பு பாராட்டுக்குரியது.

அடுத்த தலைமுறைத் திட்டங்கள் பராமரிப்பைத் தொடக்கத்திலேயே திட்டமிட்டன. 2017இல் முன்வைக்கப்பட்ட பெப் 545 என்ற மேம்பாட்டு முன்மொழிவு, பைத்தான் நிரலாக்க மொழி ஆவணங்களின் மொழிபெயர்ப்புகளுக்கு அதிகாரபூர்வ இடம் தந்தது. 2018 ஜூனில் பைத்தான் 3.7 வெளியானபோது ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியம் ஆகிய மூன்றும் அந்த இடத்தைப் பெற்றிருந்தன. கொள்கலன் மேலாண்மை மென்பொருளான குபெர்னெட்டிஸின் கொரியக் குழு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிக் கிளை அமைத்து, மூலத்தில் மாறிய கோப்புகளைப் பட்டியலிட்டுப் பங்கிட்டுக்கொண்டது. மொசில்லா தொடங்கிய எம்.டி.என் இணைய நிரலாக்க ஆவணங்கள் 2020 டிசம்பரில் கிட்ஹப் தளத்துக்கு மாறின. அதன் பிறகு, பராமரிக்கும் குழு உள்ள மொழிகளின் பக்கங்களே தொடர்ந்து இற்றைப்படுத்தப்பட்டன. அந்த மொழிகளில் கொரியமும் ஒன்று.

கொரியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு

எதிர்த் திசைப் போக்குவரத்து கொரிய நிறுவனங்களின் திறந்த மூல வெளியீடுகளோடு வலுத்தது. என்.எச்.என் நிறுவனம் 2008இல் திறந்த மூலமாக்கிய கியூப்ரிட் தரவுத்தளத்தின் கையேடு இரு மொழிகளிலும் உள்ளது. இணைய நிறுவனமான நேவர் 2015இல் வெளியிட்ட பின்பாயின்ட் கண்காணிப்புக் கருவியும் வெளிநாட்டுப் பயனர்களுக்காக ஆங்கில ஆவணங்களோடு வந்தது. கொரிய வாக்கியம் எழுவாயை அடிக்கடி மறைக்கும். ஒருமை பன்மையைக் குறிக்காமலும் விடும். ஆங்கிலத்தில் இரண்டையும் சொல்லியாக வேண்டும். ஆகவே மொழிபெயர்ப்பவர் நிரலைப் படித்து, எந்தக் கூறு எதைச் செய்கிறது என்று உறுதிசெய்துகொண்டுதான் எழுத முடியும். எழுதியவரே கவனிக்காத தெளிவின்மைகள் இந்தக் கட்டத்தில் வெளிப்பட்டு, மூல ஆவணமும் திருந்துகிறது.

இயந்திர மொழிபெயர்ப்பு

2016 நவம்பரில் கூகுள் நரம்பியல் மொழிபெயர்ப்பை அறிமுகப்படுத்திய முதல் மொழிகளில் கொரியமும் இருந்தது. அதே ஆண்டு நேவரின் பாப்பகோ மொழிபெயர்ப்புச் செயலி வெளியானது. வாக்கியங்களின் ஓட்டம் வெகுவாகச் சீர்பட்டது. ஆனால் நிரலில் உள்ளபடியே நிற்க வேண்டிய பெயர்களை மொழிபெயர்ப்பதும், ஒரே கலைச்சொல்லை ஒரே பக்கத்தில் இருவிதமாகத் தருவதும் இத்தகைய கருவிகளின் வழக்கமான பிழைகள். சரளமாக ஒலிக்கும் தவறு எளிதில் கண்ணில் படாது. எனவே தேர்ந்த குழுக்கள் இயந்திரத்தை முதல் வரைவுக்கு வைத்துக்கொண்டு, சொற்பட்டியலையும் மனித மீள்பார்வையையும் கட்டாயமாக்குகின்றன.

முக்கியத்துவம்

கொரிய அனுபவம் மற்ற மொழிகளுக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. மொழியின் இயல்பு மென்பொருளின் வடிவமைப்பிலேயே இடம்பெற வேண்டும்; இடைச்சொல் சிக்கலை மொழிபெயர்ப்பவர் தனியாகத் தீர்த்திருக்க முடியாது. மேலும், மொழிபெயர்த்து முடித்த பக்கங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் மூலத்தோடு ஒத்துப்போகும் பக்கங்களின் எண்ணிக்கையே ஒரு திட்டத்தின் உண்மையான அளவுகோல். கொரிய மாணவர் ஒருவர் பைத்தான் பாடத்தைத் தன் மொழியில் நம்பிக்கையோடு படிப்பது, மூலம் மாறும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை மீண்டும் திருத்தும் தன்னார்வலர்களால்தான் சாத்தியமாகிறது. அவர்களின் உழைப்பு நிரல் எழுதுவதற்கு இணையான மதிப்பைப் பெற வேண்டும்.