சி மொழியும் அதன் காப்பு வேலியும்

கணிப்பொறிக்கு ஆணையிடுவதற்கென மனிதன் வகுத்த மொழிகள் பலவாகும். அவற்றுள் அரை நூற்றாண்டைக் கடந்தும் செல்வாக்கு இழக்காதிருப்பது 'சி' என்னும் ஓரெழுத்துப் பெயருடைய மொழி. தொலைபேசி, மின்னளவி, மோட்டார் வாகனம் முதலியவற்றின் உள்ளே இன்றும் அம்மொழி நிரல்கள் ஏராளமாக இயங்குகின்றன. அம்மொழியின் குறை யாது, அதனைக் களைய அறிஞர் மேற்கொண்ட முயற்சிகள் யாவை என்பதை அறிதல், வல்லுநர்க்கு மட்டுமன்றி, அப்பொறிகளை நம்பி வாழும் யாவர்க்கும் பயன் தருவதாகும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 'யூனிக்ஸ்' என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் வகுத்திருந்த பி.சி.பி.எல். மொழியைச் சுருக்கித் தாம்சன் 'பி' மொழியை அமைத்தார். அதனை வளர்த்து 1972 அளவில் ரிச்சி ஆக்கியதே சி மொழி. 1973இல் யூனிக்ஸின் கருப்பகுதியே அம்மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அவர்களுக்கு முதலில் வாய்த்த பி.டி.பி.-11 பொறியின் நினைவகம் 24 கிலோபைட் அளவினதே. இந்நாளில் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதனுள் அடங்காது. அத்தகைய நெருக்கடியில், இட்ட ஆணை சரியா எனச் சோதிப்பதற்கு இடமும் நேரமும் செலவிட இயலவில்லை. எழுதுவோர் வல்லவர், அவர் தவறார் என்னும் நம்பிக்கையே மொழியின் அடித்தளமாயிற்று.

அந்நம்பிக்கையின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்துப் பத்து வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். பதினோராவது வீட்டில் ஒரு பொருளை வைக்குமாறு ஆணை பிறந்தால், அப்படியொரு வீடு இல்லையென்று மறுப்பதே முறை. சி மொழியோ மறுப்பதில்லை. பத்தாவது வீட்டைத் தாண்டி இருப்பது கோயிலாயினும் கிராணியார் அலுவலகமாயினும், அங்கே பொருளை இறக்கிவிடும். இவ்வாறு வரம்பு மீறி எழுதப்படுவது நிரலின் பிற பகுதியை அழிக்கலாம். தீயோன் ஒருவன் திட்டமிட்டு அங்கே தன் ஆணையையே எழுதிவிடவும் கூடும். காலி செய்த வீட்டின் பழைய சாவியை வைத்துக்கொண்டு, புதிதாகக் குடிவந்தவர் வீட்டினுள் நுழைவதை ஒத்த பிழையும் இம்மொழியில் எளிதில் நேர்கிறது.

இத்தீங்கை முன்னுணர்ந்தோர் இல்லாமல் இல்லை. இங்கிலாந்து அறிஞர் டோனி ஹோர், தம் குழு 1960களில் அமைத்த அல்கால் மொழித் தொகுப்பி ஒவ்வொரு முறையும் வரம்பைச் சோதித்ததையும், வேகம் கருதி அச்சோதனையைத் தவிர்க்கலாமா என வினவியபோது பயனாளர் ஒருமனதாக மறுத்ததையும் 1980ஆம் ஆண்டு டூரிங் விருதுப் பேருரையில் நினைவுகூர்ந்தார். ஆயினும் உலகம் செவிமடுக்கவில்லை. 1988 நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் விடுத்த 'புழு' நிரல் ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகளைத் தாக்கியதாக மதிப்பிடப்பட்டது. அது புகுந்த வழிகளுள் ஒன்று 'கெட்ஸ்' என்னும் சி மொழிச் செயல்கூறு. உள்ளே வரும் எழுத்துகளின் அளவைப் பாராமல் எழுதிக்கொண்டே போவது அதன் இயல்பு. மொழியின் தரவரையறையிலிருந்து அது நீக்கப்பட்டது 2011இல்தான். கள்வன் புகுந்த வாயிலை அடைக்க 23 ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே சீர்திருத்த முயற்சிகள் பல திசைகளில் நடந்தன. பிழைகளைச் சுட்டும் 'லின்ட்' என்னும் கருவியை 1978இல் பெல் ஆய்வுக்கூடத்து ஸ்டீபன் ஜான்சன் எழுதினார். பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் படைத்த 'சி பிளஸ் பிளஸ்' 1985இல் வெளிவந்தது. 1989இல் சி மொழிக்கு அமெரிக்கத் தரவரையறை கிடைத்தது.

அதே 1985இல்தான் மலேசியாவில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. ஷா ஆலம் ஆலையிலிருந்து அது புறப்பட்ட நாளில் வாகனம் பெரிதும் இரும்பாலும் எண்ணெயாலும் இயங்குவதாகவே இருந்தது. பின்னாளில் எரிபொருளையும் பிரேக்கையும் நிரல்கள் ஆளத் தொடங்கின. ஆகவே, சி மொழியின் எப்பகுதிகளை வாகன நிரலில் கையாளலாகாது என வரையறுக்கும் 'மிஸ்ரா' விதிகளைப் பிரிட்டிஷ் வாகனத் தொழிலார் 1998இல் வெளியிட்டனர். முன்னிருக்கையில் இருப்போர் இருக்கை வார் அணிய வேண்டுமென மலேசியச் சட்டம் 1979இல் விதித்தது. பின்னிருக்கையினர்க்கு அவ்விதி 2009இல் வந்தது. வார் அணியச் சொல்வது ஓட்டுநரின் திறமையைப் பழிப்பதன்று. மிஸ்ரா விதிகளும் அத்தகையனவே.

விதியை மனிதன் மறப்பான். மொழியே அவனைத் தடுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இறுதியில் வலுப்பெற்றது. கிரேடன் ஹோர் 2006இல் தனி முயற்சியாகத் தொடங்கிய 'ரஸ்ட்' மொழி, மோசில்லா நிறுவனத்தின் ஆதரவுடன் வளர்ந்து 2015 மே மாதத்தில் முதற் பதிப்பு கண்டது. அம்மொழியில் ஒவ்வொரு தரவுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. உரிமை கைமாறியபின் பழையவர் அதனைத் தொட முயன்றால், நிரல் இயங்குமுன்னரே தொகுப்பி மறுத்துவிடும். வரம்பு மீறலோ இயங்கும்போதே தடுக்கப்படும். பெரும்பாலும் சி மொழியால் வளர்ந்த லினக்ஸின் கருப்பகுதியும் 2022 டிசம்பரில் ரஸ்ட் மொழிக்கு இடமளித்தது.

எனின், பழைய நிரல்களையெல்லாம் கிழித்தெறிவதா? தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. அதன் பொருட்டுப் பழைய நூல்கள் அழிக்கப்படவில்லை. புதியன புதிய வடிவில் எழுதப்பட்டன; தலைமுறை மாற, வழக்கும் மாறிற்று. ஆண்ட்ராய்டு முறைமையிலும் நிகழ்ந்தது இதுவே. பழைய நிரலைப் பெரும்பாலும் விட்டுவைத்து, புதியதைக் காப்புடைய மொழிகளில் எழுதியதால், 2019இல் அதன் பாதுகாப்புக் குறைகளுள் 76 விழுக்காடாக இருந்த நினைவகப் பிழைகள் 2024இல் 24 விழுக்காடாகக் குறைந்தன.

சி மொழியின் தரவரையறையும் 2024இல் புதுப்பிக்கப்பட்டது. பழையது திருந்தியும், புதியது வளர்ந்தும் வருகின்றன. மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் அடிப்படைக் கணினி அறிவியல் 2017 முதல் பாடமாகியுள்ளது. நிரல் எழுதப் பழகும் மாணவர்க்கு, ஆணையிடும் ஆற்றலோடு அவ்வாணை எல்லை மீறாதபடி காக்கும் கடமையையும் முதற்பாடத்திலேயே கற்பித்தல் வேண்டும். 24 கிலோபைட் நினைவகத்தில் அன்று காப்புக்கு இடமில்லாதிருந்தது, இன்று இடமுண்டு.