போர்ச் செய்திகள் கற்பித்த ஆங்கிலம்: மூன்று சொற்களின் வரலாறு

இந்தியாவில் பள்ளிப் பாடநூலுக்கு அடுத்தபடியாக ஆங்கிலம் கற்பித்தது நாளிதழ்தான். தலையங்கத்தில் அருஞ்சொற்களை அடிக்கோடிட்டுக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் வழக்கம், இன்று குடிமைப்பணித் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் ஆயத்தமாவோரிடம் தொடர்கிறது. அக்குறிப்பேடுகளில் போரும் தூதுறவும் தந்த சொற்கள் கணிசமானவை: அல்டிமேட்டம், ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ், டெதாந்த். சொல், பொருள், அதற்கு நிகரான வேறு சொல் என்று மூன்று பத்திகளில் இவை அடங்கிவிடுகின்றன. சிக்கல் அந்த மூன்றாம் பத்தியில் இருக்கிறது.

சீஸ்ஃபயர், ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ் ஆகியவற்றை நிகர்ச்சொற்களாகவே மாணவர் மனனம் செய்கின்றனர். தமிழ் நாளிதழ்களும் பெரும்பாலும் மூன்றையும் ‘போர்நிறுத்தம்’ என்றே எழுதுகின்றன. (நள்ளிரவில் தந்திச் செய்தியை மொழிபெயர்த்தவரை இதற்காகக் குறைகூற முடியாது.) ஆனால் காஷ்மீர் குறித்து ஐ.நா. ஆணையம் 1948 ஆகஸ்ட் 13 அன்று நிறைவேற்றிய தீர்மானம் இச்சொற்களைப் பிரித்தே ஆள்கிறது. அதன் முதற்பகுதி சீஸ்ஃபயர். இரண்டாம் பகுதி ட்ரூஸ். மூன்றாம் பகுதி மக்கள் விருப்பத்தை அறிவது. 1949 சனவரி 1 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்தன. சூலை 27 அன்று கராச்சியில் எல்லைக்கோடும் ஒப்புக்கொள்ளப்பட்டது. படைகளை விலக்கிக்கொள்வது பற்றி இருநாடுகளும் உடன்படாமையால் இரண்டாம் பகுதி நிறைவேறவில்லை. எனவே மூன்றாவதற்கு இடமே எழவில்லை. மூன்று சொற்களையும் ஒன்றெனக் கற்றவருக்கு, முதற்பகுதி நிறைவேறியும் இரண்டாவது ஏன் நின்றது என்னும் கேள்வியே தோன்றாது. 1972 சிம்லா உடன்பாட்டிற்குப் பின் அக்கோடு ‘சீஸ்ஃபயர் லைன்’ என்பதிலிருந்து ‘லைன் ஆஃப் கன்ட்ரோல்’ ஆனது. ஐ.நா. பார்வையாளர் குழுவின் பணி முடிந்துவிட்டது என்னும் இந்திய நிலைப்பாடு இந்தப் பெயர்மாற்றத்தோடு பிணைந்தது.

‘போலீஸ் ஆக்‌ஷன்’ இதைவிட ஆழ்ந்த கவனத்திற்குரியது. 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியத் தரைப்படை, கவச வண்டிகளுடன் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. படைத்துறை அதற்கு இட்ட பெயர் ‘ஆபரேஷன் போலோ’. ஐந்து நாளில் நிஜாமின் படை பணிந்தது. ‘போர்’ என்று சொன்னால் எதிரிலிருப்பது இன்னொரு நாடு என்றாகிவிடும். ஐதராபாத்தோ அப்போதுதான் பாதுகாப்பு அவையில் முறையிட்டிருந்தது. ஆகவே காவல்துறை செய்யவேண்டிய ஒரு வேலையைப் படை செய்தது போன்ற தோற்றத்தை அச்சொல் அளித்தது. பின்னர் நேரு அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு, அந்நடவடிக்கையின்போதும் அதன் பின்னரும் 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்திருக்கலாம் என மதிப்பிட்டது. அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமலே இருந்தது. சொல் மட்டும் பாடநூல்களில் நிலைத்தது. 1950 சூனில் கொரியப் போரைப் பற்றி ஒரு செய்தியாளர் இதே தொடரைச் சொல்லி வினவியபோது, அமெரிக்க அதிபர் ட்ரூமன் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். தன் ஆட்சிப்பரப்புக்குள் நிகழ்ந்தது என இந்தியா சொன்னதற்கும் கடல்கடந்து அமெரிக்கா நடத்தியதற்கும் ஒரே பெயர் வாய்த்தது.

அதே கொரியப் போர்தான் இந்திய வாசகருக்கு ‘ரீபேட்ரியேஷன்’ என்னும் சொல்லைப் பழக்கப்படுத்தியது. தாய்நாடு திரும்ப விரும்பாத போர்க்கைதிகளை வற்புறுத்தி அனுப்பலாமா என்ற ஒரு கேள்வியாலேயே ஆர்மிஸ்டிஸ் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போய், 1953 சூலை 27 அன்றுதான் கையெழுத்தானது. அதன்பின் அமைந்த நடுநிலை நாடுகள் ஆணையத்துக்கு இந்தியா தலைமையேற்றது. ஜெனரல் திம்மையா அதன் தலைவர். 22,000-க்கும் மேற்பட்ட கைதிகள் இந்தியப் படையின் காவலில் வைக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் தம் விருப்பத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க ஏற்பாடாயிற்று. எந்தப் பக்கமும் வேண்டாமென்ற சிலர் இந்தியாவுக்கே வந்துசேர்ந்தனர்.

பதினோராண்டு கழித்து அச்சொல் தமிழரிடம் வந்தது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் குடியுரிமையின்றி நின்ற 9,75,000 இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்துச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். இந்தியாவுக்கு வரவேண்டியோர் அனைவரும் ‘ரீபேட்ரியேட்’ எனப்பட்டனர். அச்சொல்லின் வேர் தந்தைநாட்டைக் குறிக்கும் இலத்தீன் ‘பாத்ரியா’. முன்னொட்டு ‘மீண்டும்’ என்பது. தமிழக அரசின் கோப்புகளில் தந்தைநாடு தாயகமாகி, அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ ஆயினர். ஆனால் அவர்களுள் மிகப் பலர் கண்டியிலும் நுவரெலியாவிலும் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள், இந்தியாவைக் கண்டிராதவர்கள். கண்டிராத ஊருக்குத் திரும்புவது எங்ஙனம்? கொரியாவில் கைதியின் விருப்பத்துக்காகப் பேச்சுவார்த்தை நீண்டது. இங்கோ எவரையும் கேட்பதற்கு முன்பே எண்ணிக்கை முடிவாகிவிட்டது. பின்னர் விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது இலங்கைக் குடியுரிமை கேட்டோர், அந்நாடு ஏற்பதாகச் சொன்ன எண்ணிக்கையைவிட மிகப் பலராயிருந்தனர்.

இலங்கைக் கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்றிருந்தவர்கள், நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியபின் அக்கம்பக்கத்தாருக்குச் ‘சிலோன்காரர்’ ஆயினர். 1984-இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படாதிருந்தோர் மலையகத்திலேயே தங்கிவிட்டனர். அவர்களுக்கும் இலங்கைக் குடியுரிமை கிடைக்க வழிசெய்த சட்டம் 2003-இல்தான் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.