முழுநேரம் என்பது யாருடைய நேரம்?

கணவன், மனைவி இருவரும் முழுநேர வேலைக்குச் செல்லும் வீடுகளில் சமையல், பாத்திரம், துணி, பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பது இன்றைய நகர வாழ்வின் புதிய சிக்கலாகவே பேசப்படுகிறது. 'அந்தக் காலத்தில் பெண்கள் வீட்டில் இருந்தார்கள், இப்போது வேலைக்குப் போகிறார்கள், அதனால்தான் இந்தத் தொல்லை' என்பது பலரும் தரும் விளக்கம். இந்திய உழைப்பு வரலாற்றைச் சற்றே புரட்டினாலும் இவ்விளக்கம் நிற்காது. இருவரும் உழைத்த குடும்பங்கள் இங்கே நூறாண்டுகளுக்கு முன்பும் இருந்தன. அவ்வீடுகளின் வேலையை யார் செய்தார்கள், அரசு அதை எப்படிக் கணக்கிட்டது என்பதே இந்த நீண்ட பதிவின் பொருள். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

பம்பாயிலிருந்து தொடங்கலாம். 1920களில் அந்நகரின் பருத்தி ஆலைத் தொழிலாளரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் பெண்கள். நூல் சுற்றும் பிரிவில் அவர்களே மிகுதி. அவர்களின் ஆலை நேரத்தை நாளொன்றுக்கு 11 மணி என 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வரையறுத்திருந்தது. ஆலைக்கு முன்னும் பின்னும் இருந்த மணிகளைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை. தண்ணீர் பிடிப்பதும் அடுப்பு மூட்டுவதும் அந்த மணிகளுக்குள் அடங்கின. அடங்காதது கைக்குழந்தை. 'பால கோலி' எனப்பட்ட அபின் கலந்த சிறு உருண்டையைக் கொடுத்துக் குழந்தையை உறங்கவைத்துவிட்டுத் தாய்மார் ஆலைக்குச் சென்றதை அக்கால மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர். அதைத் தாயின் அறியாமை என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் 11 மணி நேரம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற வினாவுக்கு ஆலையும் அரசும் விடை தராதபோது, அவர்களுக்குக் கிடைத்த ஒரே விடை அந்த உருண்டைதான்.

அதே நகரில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கொங்கணக் கரையிலிருந்து தனியாக வந்த ஆண் தொழிலாளர்கள் 'கானாவள்' எனப்படும் சாப்பாட்டு வீடுகளில் மாதக் கணக்கு வைத்து உண்டார்கள். அவற்றில் பலவற்றை நடத்தியவர்கள் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள். ஊரில் மனைவி நிலத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, நகரில் வேறொரு பெண் சோறு பொங்கிப் போட, நடுவில் அந்த ஆண் 'முழுநேரத் தொழிலாளி' ஆனான். 1975இல் பிரேமா புராவ் இத்தகைய சமையல் பெண்களை அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பில் திரட்டிய பிறகே அவர்களும் தொழிலாளர் என்ற பேச்சு வெளியே கேட்டது.

முழுநேர வேலை என்னும் கருத்தின் அடித்தளத்தை இங்கே காணலாம். நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் உச்சவரம்பு விதித்தது. அது போராடிப் பெற்ற உரிமை, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வேலைநாள், சமைத்த உணவும் துவைத்த உடையும் எங்கிருந்தோ வந்துவிடும் ஒருவரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. அதே சட்டம் குழந்தைக் காப்பகம் அமைக்கும் கடமையைப் பெண் தொழிலாளர்களின் எண்ணிக்கையோடு பிணைத்தது. முதலில் 50 பெண்களுக்கு மேல், 1976 திருத்தத்துக்குப் பின் 30 பெண்களுக்கு மேல். ஓர் ஆலையில் எத்தனை தந்தையர் இருந்தாலும் காப்பகத்துக்குத் தேவை எழாது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் 50 பணியாளர்கள் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றது, அது முன்னேற்றமே. ஆனால் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்த்துவரும் உரிமையை அதுவும் தாய்க்கு மட்டுமே எழுதிவைத்தது.

இதை யாரும் முன்பே சிந்திக்கவில்லையா? சிந்தித்தார்கள். தேசியத் திட்டக் குழு 1939இல் பெண்களுக்கென ஒரு துணைக் குழுவை அமைத்தது. தலைவர் இராணி லட்சுமிபாய் ராஜ்வாடே, செயலர் மிருதுளா சாராபாய். 1947இல் நூலாக வெளிவந்த அதன் அறிக்கை, பெண் வீட்டில் செய்யும் வேலை பணத்தால் அளக்கப்படாவிடினும் நாட்டின் செல்வத்துக்கு இன்றியமையாத பங்களிப்பு என்று கருதியது. குடும்ப வருமானத்தில் ஒரு பகுதி மனைவியின் முழு அதிகாரத்தில் இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. விடுதலைக்கு முன்பே எழுதப்பட்ட சொற்கள் இவை. 1951இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலோ பெண்கள் பெரும்பாலும் சமூக நலம் என்ற தலைப்பின் கீழ் வந்து சேர்ந்தார்கள். உழைப்பவர் என்ற இடத்திலிருந்து நலம் பெறுபவர் என்ற இடத்துக்கு நகர்த்தப்பட்டார்கள்.

புள்ளிவிவரமும் அதே வழியில் சென்றது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்குக் குறியீடு 92. அதனுடன் விறகு, தீவனம் சேகரிப்பதும் வீட்டுக்காகத் தைப்பதும் சேர்ந்தால் 93. இரண்டும் உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே. அதே சமையலைப் பக்கத்து வீட்டில் கூலிக்குச் செய்தால் அவர் உழைப்பாளர் தொகுதிக்குள் வந்துவிடுவார். நம் பொருளுக்கு இன்னும் முக்கியமானது வேறொன்று. ஒரு பெண் அலுவலகத்துக்கோ வயலுக்கோ சென்றால் அவருக்கு அந்த வேலையின் குறியீடு கிடைக்கும், அவருடைய வீட்டு வேலை அட்டவணையில் இடம்பெறாது. வீட்டிலிருக்கும் பெண் 'வேலை செய்யாதவர்' ஆகிறார். வேலைக்குச் செல்லும் பெண்ணோ வீட்டில் ஒன்றும் செய்யாதவர் போல் பதிவாகிறார்.

இந்த மறைவை உடைத்தது நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாகவும், 2019இல் நாடு முழுவதும் அது நடந்தது. அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரையான நாளை அரைமணித் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபட்டவர்களுள்ளும் பெண்ணின் நாள் சராசரி 299 நிமிடம், ஆணின் சராசரி 97 நிமிடம்.

நீதிமன்றமும் இவ்வுழைப்புக்கு விலை கண்டிருக்கிறது. எப்போது என்பதுதான் வேதனை. 1989இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்தில் இறந்த இல்லத்தரசிகளின் பணி மதிப்பை, அவர்களுள் 34 முதல் 59 வயதுக்குட்பட்டோருக்கு மாதம் 3,000 ரூபாய் என 2001இல் உச்சநீதிமன்றம் கணக்கிட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், சிறைக் கைதிகள் முதலியோருடன் ஒரே வகையில் வைத்ததை 2010இல் அதே நீதிமன்றம் கண்டித்தது. 2021 சனவரியில் வந்த தீர்ப்பில் நீதிபதி என்.வி. ரமணா மேற்சொன்ன 2019 கணக்கெடுப்பை எடுத்துக்காட்டினார். இவை யாவும் விபத்து இழப்பீட்டு வழக்குகள். அவள் இறந்த பின்னரே அவள் செய்தது வேலை என்று ஏற்கப்பட்டது. உயிரோடிருக்கும் பெண்ணின் கணக்கில் இதை எழுதிய அரிய தீர்ப்பு 2023இல் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து வந்தது. கணவன் சேர்த்த சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் பங்குண்டு என்றது அது.

மொழியியல் பயின்றவள் என்ற முறையில் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். 'அவர் வீட்டு வேலையில் மனைவிக்கு உதவுகிறார்' என்று பாராட்டாகச் சொல்கிறோம். 'மனைவிக்கு' என்பதில் உள்ள 'கு' நான்காம் வேற்றுமை உருபு. உதவியைப் பெறுபவர் யார் என்று அது காட்டுகிறது, அதன் வழியே வேலை யாருடையது என்பதையும் தீர்ப்பாகச் சொல்லிவிடுகிறது. இருவரும் உண்ணும் சோற்றை இருவரில் ஒருவர் வடிக்கும்போது அங்கே உதவி பெறுபவர் யார்? 'இல்லாள்' என்றால் மனைவி, 'இல்லான்' என்றால் ஏதுமற்றவன். ஆணை வீட்டோடு இணைக்கும் சொல்லாக அது வளரவே இல்லை.

வசதியுள்ள இருவர் சம்பள வீடுகள் இன்று கண்ட தீர்வு, மூன்றாவது பெண்ணை வேலைக்கு வைப்பது. அவர் வீட்டுச் சமையலை யார் செய்கிறார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. வீட்டுப் பணியாளர் உரிமைக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. சுமை ஒரு பெண்ணிடமிருந்து குறைந்த கூலியுள்ள இன்னொரு பெண்ணிடம் இறங்குவதைப் பகிர்வு என்று அழைக்க இயலாது.

இந்த வரலாறு நம் வீட்டுக்குச் சொல்வது எளிது: எண்ணப்படாத வேலை பகிரப்படாது. ஆகவே கணக்கெடுப்பின் முறையையே வீட்டுக்குள் கொண்டுவரலாம். இருவரும் ஒரு வாரம், தனித்தனித் தாளில், அரைமணிக்கு ஒரு கட்டமாக நாளை எழுதுங்கள். சமைத்ததை மட்டுமன்றி, நாளைக்கு மாவு இருக்கிறதா என்று நினைத்ததையும், எரிவாயு உருளைக்குப் பதிவுசெய்ததையும், தடுப்பூசி நாளை நினைவில் வைத்ததையும் எழுதுங்கள். பிறகு வேலைகளைத் துண்டு துண்டாக அன்றி முழுதாகக் கைமாற்றுங்கள். இரவு உணவு ஒருவருடையது என்றால், காய் வாங்குவது முதல் அடுப்பு துடைப்பது வரை அவருடையதே. 'என்ன செய்யட்டும், சொல்' என்று கேட்கும் வரை மேற்பார்வை வேலை மற்றவரிடமே தங்கியிருக்கும்.

உங்கள் வீட்டில் அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். ஆண் நண்பர்கள் எழுதினால் கூடுதல் மகிழ்ச்சி.