கிழமை

பள்ளியில் எனக்குச் சரித்திரம் நடத்திய வாத்தியார் அதற்கு முன்னால் சில வருஷங்கள் எத்தியோப்பியாவில் வேலை பார்த்தவர். ஹைலே செலாசி காலத்தில் இந்தியாவிலிருந்து ஏராளமான பேர் அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள். அந்த வருஷங்களைப் பற்றி வகுப்பில் அவர் பேசியதில்லை. ஓய்வு பெற்றபின் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் சொன்னார்: ஈத் அன்று வகுப்பில் சில பெஞ்சுகள் காலியாக இருக்கும். சர்க்கார் காலண்டரில் அது வேலை நாள். பெயர் கூப்பிடுவார், பதில் வராது. “வராதவன் வராதவன்தானே, ஆப்சென்ட் போட்டேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கே போயிருக்கிறான் என்று எனக்குத் தெரியும்டா” என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் எத்தியோப்பியச் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

மெக்காவில் துன்புறுத்தப்பட்ட நபியின் சீடர்கள் சிலர் 615 வாக்கில் கடல் கடந்து அக்சூமுக்கு வந்தார்கள். அங்கிருந்த கிறிஸ்தவ அரசர் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். மெதினாவுக்கு நபி போனது 622இல். ஆகவே அந்த மதம் மெதினாவைப் பார்ப்பதற்கு முன்பே எத்தியோப்பியாவைப் பார்த்துவிட்டது. பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று அதைச் சொல்ல முடியாது.

ஆனால் அரசு அப்படித்தான் நடத்தியது. 1878இல் போரு மேதா சபைக்குப் பிறகு நான்காம் யோஹன்னஸ் வோலோ பிரதேசத்து முஸ்லிம்களை மதம் மாறச் சொன்னார். வோலோவின் தலைவர் முகமது அலி, மிக்காயேல் ஆனார். அவருடைய மகன் இயாசு, மெனெலிக்கின் பேரன் என்ற உரிமையில் 1913இல் ஆட்சிக்கு வந்தான். அவன் இஸ்லாத்துக்குப் போய்விட்டான் என்று குற்றம் சாட்டி 1916 செப்டம்பர் 27 அன்று நீக்கினார்கள். அன்று மெஸ்கெல், சிலுவை கண்டெடுக்கப்பட்ட திருநாள். அவன் உண்மையிலேயே மதம் மாறினானா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. நீக்குவதற்குச் சந்தேகமே போதுமானதாக இருந்தது என்பதில் விவாதமில்லை.

நாடு எல்லோருக்கும் பொது, மதம் அவரவர் சொந்தம் என்பது ஹைலே செலாசி சொன்னதாகப் பிரபலமான வாசகம். 1955 அரசியல் சாசனமோ ஆர்த்தடாக்ஸ் சபையை அரசின் நிலைபெற்ற சபையாக வைத்திருந்தது. சாசனத்தைப் படிக்கத் தெரியாதவனுக்குக் காலண்டர் இருந்தது. மெஸ்கெலும் திம்கத்தும் வந்தால் கச்சேரிகள் எல்லோருக்கும் மூடின. ஒரு மதம் பொதுவாகவும் இன்னொன்று சொந்தமாகவும் இருந்தது.

இந்த நிலைமைக்கு அரசு பாஷையில் ஒரு சொற்றொடரும் இருந்தது. ‘எத்தியோப்பியாவில் வாழும் முஸ்லிம்கள்.’ எத்தியோப்பிய முஸ்லிம்கள் அல்ல. நம் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஏழாம் வேற்றுமை இடத்தைச் சொல்லும், உறவைச் சொல்லாது. மரத்தில் பறவை இருக்கிறது, நாளைக்கு வேறு மரம். ஆறாம் வேற்றுமைதான் கிழமைப் பொருளைத் தருவது. அதிலும் தற்கிழமை என்று ஒன்று உண்டு, உடம்பின் கை போலப் பிரிக்க முடியாதது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு இந்த வேற்றுமை கிடைக்கவில்லை.

1974 பிப்ரவரியில் ஆசிரியர்களும் டாக்சி ஓட்டுபவர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவத்தில் கலகம். மந்திரிசபை போயிற்று. ஏப்ரல் 20 அன்று அடிஸ் அபாபாவில் சுமார் ஒரு லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் நடந்தார்கள். 13 கோரிக்கைகள். அரசும் சபையும் பிரிய வேண்டும், எங்கள் பண்டிகைகள் தேசிய விடுமுறையாக வேண்டும், எங்களை எத்தியோப்பிய முஸ்லிம்கள் என்று சொல்ல வேண்டும் என்பவை அவற்றில் சில. பசியும் பஞ்சமும் இருந்த நாட்டில் ஒரு லட்சம் பேர் ஓர் உருபுக்காகவும் தெருவுக்கு வந்தார்கள்.

செப்டம்பர் 12 அன்று சக்கரவர்த்தியை நீக்கிய ராணுவக் குழுவான தெர்க், இரண்டு ஈத்களையும் மவ்லிதையும் பொது விடுமுறை ஆக்கியது. கொடுத்தவர்களைக் கொண்டாட இடமில்லை. அதே தெர்க் நவம்பர் 23 அன்று சுமார் 60 பேரை விசாரணையில்லாமல் சுட்டுக் கொன்றது. 1977–78இன் செம்பயங்கரத்தில் முஸ்லிம் கிறிஸ்தவன் என்று பார்க்காமல் கொன்றது. விடுமுறை ஏப்ரலில் தெருவில் சம்பாதித்தது. தெர்க் கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான்.

மதச்சார்பற்ற அரசில் எந்த மதத்துக்கும் விடுமுறை எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். கணக்காகப் பார்த்தால் சரியான கேள்வி. ஆனால் திம்கத்தை எடுத்துவிடலாமா என்று யாரும் கேட்டதாக நான் படிக்கவில்லை. கடைசியாக வந்து கேட்பவனிடம்தான் இந்தக் கொள்கை நினைவுக்கு வருகிறது.

எத்தியோப்பிய வருஷத்துக்கு 13 மாதங்கள். மெஸ்கெலுக்குத் தேதி நிலையானது. ஃபாசிகா, அதாவது ஈஸ்டர், நகர்ந்தாலும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஈதுக்குப் பிறை தெரிய வேண்டும். வருஷத்துக்குப் பதினொரு நாள் போல முன்னால் வந்து, சுமார் 33 வருஷத்தில் அது 13 மாதங்களையும் சுற்றிவிடுகிறது. அந்த ஒரு நாளுக்காக அரசும் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். 2007 குடிக்கணக்குப்படி நாட்டில் மூன்றில் ஒருவர் முஸ்லிம்.

கிழமை என்ற சொல்லுக்கு உரிமை என்றும் நாள் என்றும் நம்மிடம் பொருள் உண்டு. இரண்டும் ஒன்றே என்பதை நான் இந்தச் சரித்திரத்தில்தான் கற்றேன்.

வாத்தியார் 1972இலேயே திரும்பிவிட்டவர். இதெல்லாம் படித்தபின் போய் அவரிடம் சொன்னேன். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, விடுமுறை நாளுக்கு ரிஜிஸ்டரில் என்ன செய்வோம் தெரியுமா என்று கேட்டார். அன்றைய கட்டத்தில் தனித்தனியாக யாருக்கும் எதுவும் போடுவதில்லை. மேலிருந்து கீழே, எல்லாப் பெயருக்கும் சேர்த்து, ஒரே வார்த்தையை எழுத்து எழுத்தாக எழுதிவிடுவோம் என்றார்.