பெற்றோர் எழுப்பிய குரல்

“உங்கள் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது” என்று பள்ளியில் கூறக் கேட்டுத் தலைகவிழ்ந்து திரும்பிய தாய்தந்தையர் நம் சேரிகளில் எத்தனையோ பேர். படித்தவர் சொல்லில் பிழை இராது என நம்பிப் பிள்ளையை வயல்வேலைக்கு அனுப்பினர். இதே சொல்லை இங்கிலாந்தில் கேட்ட கறுப்பினப் பெற்றோரோ, “எங்கள் பிள்ளையை மந்தன் என்று முடிவு செய்தது எவ்வாறு?” என்று திருப்பிக் கேட்டனர். அவ்வரலாறு நம் இளைஞர் அறியத்தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் உழைப்பாளர் பற்றாக்குறை நிலவியது. 1948இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் டில்பரித் துறையை வந்தடைந்தது. தொடர்ந்து ஜமைக்கா, டிரினிடாடு, பார்படாஸ் முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பல்லாயிரவர் குடியேறினர். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழன்றோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். பேருந்துகளிலும் இரயில்வேயிலும் மருத்துவமனைகளிலும் இவர்கள் உழைப்பு வரவேற்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் அவ்வரவேற்பு கிட்டவில்லை.

‘கல்வியில் தாழ்நிலையினர்’ என முத்திரையிடப்பட்டோருக்கு அந்நாட்டில் தனிப்பள்ளிகள் இருந்தன. 1967இல் இலண்டன் மாநகரின் சாதாரணப் பள்ளிகளில் குடியேறியோர் பிள்ளைகள் நூற்றுக்குப் பதினைவர். இத்தனிப்பள்ளிகளிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர். அவர்களுள் நான்கில் மூவர் மேற்கிந்தியப் பிள்ளைகள். ‘சிறப்புப் பள்ளி’ என்ற பெயரைக் கேட்டு, உயர்ந்த கல்வி போலும் என மகிழ்ந்து இசைந்த பெற்றோரும் உண்டு. உள்ளே சென்றவர் பொதுப்பள்ளிக்கு மீள்வது அரிது.

1969இல் வட இலண்டனைச் சேர்ந்த ஹேரிங்கே பகுதியில், பிள்ளைகளைத் திறன்வாரியாகப் பிரித்துப் பள்ளிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் திட்டம் எழுந்தது. மேற்கிந்தியப் பிள்ளைகள் அறிவுத்திறனில் குறைந்தவர்கள் என்னும் கருத்து அதன் பின்னணியில் இருந்ததறிந்து பெற்றோர் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டில் டிரினிடாடு நாட்டவரான ஜான் லா ரோஸ், ஜார்ஜ் பாட்மோர் பெயரால் துணைப்பள்ளி ஒன்றைத் தம் இல்லத்திலேயே தொடங்கினார். இத்தகைய துணைப்பள்ளிகள் பல எழுந்தன. கணக்கும் ஆங்கிலமும் மட்டுமன்றி, பள்ளி நூல்கள் மறைத்த ஆப்பிரிக்க, கரீபிய மக்களின் வரலாறும் அங்கே கற்பிக்கப்பட்டது.

1971இல் லா ரோஸின் பதிப்பகம் ஒரு சிறுநூலை வெளியிட்டது. அதை எழுதியவர், தனிப்பள்ளிகளில் பணியாற்றிய கிரெனடா நாட்டு ஆசிரியர் பெர்னார்ட் கோர்டு. மேற்கிந்தியப் பிள்ளை தாழ்நிலையினன் ஆக்கப்படுவது எவ்வாறு என்பதே நூலின் பொருள். ‘ஆக்கப்படுவது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறவியில் மந்தன் அல்லன். ஆசிரியரின் குறைந்த எதிர்பார்ப்பும் வெள்ளையர் வாழ்வை ஒட்டிய தேர்வுமே அவனை மந்தனாக்கின. தண்ணீர்க் குழாயை ஆங்கிலேயர் ‘டேப்’ என்பர். மேற்கிந்தியர் ‘பைப்’ என்பர். ‘பைப்’ என்று விடையளிக்கும் பிள்ளையை அறிவிலி எனலாமா? தேர்வு அளந்தது அறிவையன்று, வளர்ந்த வீட்டை!

அந்நூல் பெற்றோரை நோக்கியே எழுதப்பட்டது. 1975இல் கறுப்பினப் பெற்றோர் இயக்கம் தோன்றியது. 1981இல் வெளியான ராம்ப்டன் குழு அறிக்கை, ஆசிரியரிடையே நிலவும் இனப்பாகுபாடும் பிள்ளைகளின் பின்னடைவுக்கு ஒரு காரணம் என ஒப்புக்கொண்டது. அவ்வாண்டின் கல்விச் சட்டம் ‘தாழ்நிலையினர்’ என்னும் பிரிவையே நீக்கியது. அச்சட்டத்திற்குப் பிற காரணங்களும் உண்டு; எனினும் பெற்றோர் வாளாவிருந்திருப்பின், அவ்வநீதி அநீதி என்றே அறியப்பட்டிராது. 1985இல் வெளிவந்த ஸ்வான் குழு அறிக்கை ‘அனைவர்க்கும் கல்வி’ எனத் தலைப்பிடப்பட்டது.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சாக்குத் துணியில் தனியே அமர்த்தப்பட்டவர். அவர்தம் தந்தை இராம்ஜி, மகனின் படிப்பை அதற்காக நிறுத்திவிடவில்லை. இளைஞர்களே! உங்கள் தெருவில் ஒரு பிள்ளையை ‘மக்கு’ என்று பள்ளி ஒதுக்கினால், அதன் பெற்றோருடன் நீங்களும் பள்ளிக்குச் செல்லுங்கள். எவ்வாறு அம்முடிவுக்கு வந்தீர்கள் என்று பணிவோடு, ஆனால் அஞ்சாது கேளுங்கள். மாலையில் அப்பிள்ளையை அருகிருத்திப் பாடம் சொல்லிக் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தே நடைபெற வேண்டும்.