மலைக்கு என்று வந்தது விடுதலை?

"உங்கள் ஊரின் பெருமை யாது?" என்று கேட்போருக்குக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தவராகிய நாம் தயங்காமல் விடையளிப்போம். நடுநாடு எங்கள் நாடு. திருக்கோவலூரிலிருந்து ஆண்ட மலையமான் திருமுடிக்காரி எங்கள் வள்ளல். பாரி மகளிரைக் கரையேற்றிய கபிலர் உயிர் நீத்ததாகச் சொல்லப்படும் பாறை எங்கள் பெண்ணையாற்றில் என்போம். பெருமைதான், மறுப்பாரில்லை. ஆயின், மலையமான் என்னும் பெயரிலேயே மலை நிற்கிறதே, மலையில் வாழ்ந்தோர் கதையை என்றேனும் சொன்னோமா?

ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரல்லர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று கூறும் தமிழர். பெயரில் மலையாளி, மலையை ஆண்டவரோ மூவர்! ஜடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் தந்த கொடை என்பது வழிவழி வந்த செய்தி. கொடுத்தவர் வேந்தர், பெற்றவர் தலைவர். மண்ணைக் கொத்தி விளைத்தவனை யார் கேட்டார்?

விசயநகரம் வீழ்ந்தது. நவாபு ஆட்சி மறைந்தது. வெள்ளையன் கப்பலேறினான். 1948இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் சமவெளியில் ஜமீன்கள் சாய்ந்தன. மலைமேலோ ஜாகீர்தார்கள் வரி தண்டிக்கொண்டே இருந்தனர். 1976 ஜூன் 25 அன்றுதான் மலை அரசின் கைக்கு வந்தது.

ஆசிரியர்களாகிய நாம் கரும்பலகையில் 1947 ஆகஸ்டு 15 என்று எழுதுகிறோம். எதிரே அமர்ந்திருக்கும் மலைவீட்டுப் பிள்ளையின் பாட்டனுக்கு அந்த நாள் மலையேறி வர ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆயினவே! அதைச் சொல்லாத பாடம் முழுப் பாடமாகுமா?

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று, மகிழ்ந்தோம். ஐந்தாண்டு நிறையுமுன், 2024இல், சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலைமக்களின் நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. பக்கத்தில் வாழும் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மன்றம் கேட்டது. நாணவேண்டியவர் அதிகாரிகள் மட்டுமோ?

ஊர் வரலாறு அரண்மனை வாயிலில்தான் தொடங்கவேண்டும் என்று விதித்தவர் யார்? வாரி வழங்கிய காரியைப் போற்றுவோம். வரி கொடுத்தே வாடியவரையும் ஏட்டில் ஏற்றுவோம். ஆகஸ்டு 15க்குப் பக்கத்தில் ஜூன் 25ஐயும் எழுதுவோம். அன்றுதான் நம் ஊரின் கதை முழுமையாகும்.